நாணய மாற்று விகிதம் ஏறுவதும் இறங்குவதும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கீழே உள்ள கணக்குகளில் ‘உள்நாட்டுப் பணம்’ என்று வருவது எந்த நாட்டையும் குறிக்காது. 1 டாலருக்கு 100 என்று வைத்துக்கொண்டால் கணக்கு எளிது, அவ்வளவுதான். தேதியோடு பெயர் சொல்லி வரும் நாணயங்களும் விகிதங்களும் நிஜம்; தேதி இல்லாமல் வரும் விகிதங்கள் உதாரணம்தான்.

ஒரு நாணயம் வலுவடைந்தது என்றால் என்ன அர்த்தம்?

அந்த நாணயத்தை முன்பைவிடக் குறைவாகக் கொடுத்து, அதே அளவு இன்னொரு நாணயத்தை வாங்க முடிகிறது என்று அர்த்தம். நேற்று 1 டாலர் வாங்க 100 கொடுத்தோம், இன்று 98 போதும் என்றால் உள்நாட்டுப் பணம் டாலருக்கு எதிராக வலுத்திருக்கிறது. 103 கேட்கிறார்கள் என்றால் வலுவிழந்திருக்கிறது.

இதில் ‘டாலருக்கு எதிராக’ என்பதை விட்டுவிட்டால் வாக்கியம் பாதியில் நிற்கிறது. மாற்று விகிதம் ஒரு தராசு. ஒரு தட்டு மேலே போயிருந்தால், அது லேசானதாலும் இருக்கலாம், எதிர்த்தட்டில் எடை கூடியதாலும் இருக்கலாம். டாலர் உலகம் முழுவதும் ஏறிய நாளில் ஒவ்வொரு நாட்டுச் செய்தியும் தன் நாணயம் சரிந்துவிட்டதாக எழுதி, அதற்கு உள்ளூரில் காரணம் தேடும். அந்தக் காரணம் பெரும்பாலும் தவறு. அதனால் முதலில் கேட்க வேண்டியது ‘ஏன்’ அல்ல, ‘எதற்கு எதிராக’.

எண் ஏறும்போது சில நாணயங்கள் வலுத்ததாகவும் சில வலுவிழந்ததாகவும் சொல்கிறார்களே?

ஜோடியில் எது முன்னால் நிற்கிறது என்பதைப் பொறுத்தது. முன்னால் இருப்பது சரக்கு, பின்னால் இருப்பது விலை. ‘டாலர்/யென் 150’ என்றால் 1 டாலர் என்ற சரக்கின் விலை 150 யென். எண் 152 ஆனால் சரக்கு விலை ஏறியிருக்கிறது, அதாவது டாலர் வலுத்து யென் தளர்ந்திருக்கிறது. ‘யூரோ/டாலர்’ ஜோடியில் சரக்கு யூரோ. எண் 1.08-லிருந்து 1.10 ஆனால் யூரோ வலுத்திருக்கிறது, டாலர் தளர்ந்திருக்கிறது.

டாலரோடு சேர்த்து எழுதும்போது யூரோ, பவுண்டு, ஆஸ்திரேலிய டாலர், நியூசிலாந்து டாலர் நான்கும் சந்தை வழக்கப்படி முன்னால் வரும். யென், சுவிஸ் ஃபிராங்க், கனடா டாலர் மற்றும் ஏறக்குறைய எல்லா நாணயங்களும் பின்னால் வரும். இதற்குப் பழக்கம்தான் காரணம். பெரும்பாலான ஜோடிகளில் நான்காவது தசம இடத்தின் ஓர் அலகை ‘பிப்’ என்கிறார்கள்; யென் வரும் ஜோடிகளில் இரண்டாவது தசம இடம். 1.0850 என்பது 1.0857 ஆனால் 7 பிப் ஏற்றம்.

1 டாலருக்கு 150 யென், ஆனால் 0.90 ஃபிராங்க்தான். அப்படியானால் யென் பலவீனமான பணமா?

இல்லை. அது வெறும் அலகின் அளவு. நீளத்தை மில்லிமீட்டரில் சொன்னால் எண் பெரிதாக வருவது போலத்தான். பிரான்ஸ் 1960-ல் 100 பழைய ஃபிராங்கை 1 புதிய ஃபிராங்க் ஆக்கியது. துருக்கி 2005 தொடக்கத்தில் 10 லட்சம் பழைய லிராவை 1 புதிய லிரா ஆக்கியது. இரண்டு நாட்டிலும் அந்த நாளில் யாரும் ஏழையாகவோ பணக்காரராகவோ ஆகவில்லை. ஒரு நாணயத்தின் வலுவை அறிய, எண் எவ்வளவு என்று பார்க்கக் கூடாது. எவ்வளவு மாறியது, எவ்வளவு வேகமாக மாறியது என்று பார்க்க வேண்டும்.

டாலர் 25 சதவீதம் ஏறியது என்றால் நம் பணம் 25 சதவீதம் விழுந்தது என்றுதானே பொருள்?

இல்லை, 20 சதவீதம்தான். 1 டாலர் 80-லிருந்து 100 ஆகிறது என்று வையுங்கள். டாலரின் விலையில் ஏற்றம் 20-ஐ 80-ஆல் வகுத்தால் 25 சதவீதம். இப்போது எதிர்ப்பக்கம் பாருங்கள்: உள்நாட்டுப் பணத்தின் ஓர் அலகு முன்பு 0.0125 டாலர் பெற்றது, இப்போது 0.01 டாலர். சரிவு 20 சதவீதம். எந்த எண்ணால் வகுக்கிறோம் என்பது மாறுவதால் விடையும் மாறுகிறது. நகர்வு சின்னதாக இருந்தால் வித்தியாசம் கண்ணில் படாது. பெரிதாக ஆக ஆக விலகிக்கொண்டே போகும். டாலர் 50-லிருந்து 100 ஆனால் ஏற்றம் 100 சதவீதம், உள்நாட்டுப் பணத்தின் சரிவு 50 சதவீதம்.

எந்த நாணயமும் 100 சதவீதத்துக்கு மேல் விழ முடியாது. ‘150 சதவீதம் சரிந்தது’ என்று எங்காவது பார்த்தால், எழுதியவர் டாலரின் ஏற்றத்தைக் கணக்கிட்டு நாணயத்தின் தலையில் கட்டிவிட்டார் என்று புரிந்துகொள்ளலாம்.

ஒரே நாளில் டாலருக்கு எதிராக விழுந்து யூரோவுக்கு எதிராக ஏற முடியுமா?

முடியும், அடிக்கடி நடப்பதுதான். 1 டாலர் 100-லிருந்து 102 ஆகிறது. அதே நேரத்தில் யூரோ/டாலர் 1.10-லிருந்து 1.05-க்கு இறங்குகிறது. யூரோவின் விலை முன்பு 100 × 1.10 = 110; இப்போது 102 × 1.05 = 107.10. உள்நாட்டுப் பணம் டாலரிடம் சுமார் 2 சதவீதம் தோற்று, யூரோவிடம் சுமார் 2.7 சதவீதம் ஜெயித்திருக்கிறது. ஐரோப்பாவிலிருந்து இயந்திரம் வாங்குகிறவருக்கு இது நல்ல நாள், டாலரில் எண்ணெய் வாங்குகிறவருக்கு மோசமான நாள்.

இந்தக் குழப்பத்தைத் தீர்க்கத்தான் குறியீட்டு எண்கள். பிரபலமான டாலர் குறியீடு 1973 மார்ச் அளவை 100 ஆக வைத்து ஆறு நாணயங்களோடு டாலரை ஒப்பிடுகிறது: யூரோ 57.6 சதவீதம், யென் 13.6, பவுண்டு 11.9, கனடா டாலர் 9.1, ஸ்வீடன் குரோனா 4.2, சுவிஸ் ஃபிராங்க் 3.6. பாதிக்கு மேல் யூரோ என்பதால் இது பெருமளவு யூரோவின் தலைகீழ்ப் பிம்பம். சீன யுவான் இதில் கிடையவே கிடையாது. ஒரு நாட்டின் நிலையைச் சரியாகப் பார்க்க வேண்டுமானால், அந்த நாடு யார் யாரோடு எவ்வளவு வியாபாரம் செய்கிறதோ அந்த எடைப்படி மைய வங்கிகள் வெளியிடும் பயனுறு மாற்று விகிதத்தைப் பார்க்க வேண்டும்.

விகிதத்தைத் தினமும் யார் நிர்ணயிக்கிறார்கள்?

அரசு விகிதத்தைக் கட்டிவைக்காத, மிதக்கும் நாணயமாக இருந்தால், வாங்குகிறவர்களும் விற்கிறவர்களும்தான். இதற்கென்று ஒரே ஒரு பரிவர்த்தனைக் கூடம் இல்லை. வங்கிகள், நிதி நிறுவனங்கள், மின்னணுத் தளங்கள் ஒன்றோடொன்று நேரடியாக விலை சொல்லிக்கொள்கின்றன. மைய வங்கிகளுக்கான வங்கியான சர்வதேசத் தீர்வு வங்கி மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை எடுக்கும் கணக்கெடுப்பில், 2025 ஏப்ரலில் ஒரு நாளைக்குச் சராசரியாக 9.6 லட்சம் கோடி டாலர் கைமாறியது. அவற்றில் 89 சதவீத வியாபாரங்களில் ஒரு பக்கம் டாலர் இருந்தது.

உலக நாடுகள் ஒரு வருடத்தில் செய்யும் மொத்த ஏற்றுமதியின் மதிப்பு இந்தச் சந்தையின் நான்கு நாள் வியாபாரத்துக்கும் குறைவு. அதாவது அன்றாட ஏற்ற இறக்கத்தைச் சரக்குக் கப்பல்கள் தீர்மானிப்பதில்லை. முதலீடு, கடன், இடர்க்காப்பு (நட்டம் வராமல் முன்கூட்டியே செய்யும் ஏற்பாடு), ஊகம் என்று எல்லை தாண்டும் பணமே தீர்மானிக்கிறது.

வட்டி ஏறினால் நாணயம் வலுக்குமா?

பொதுவாக ஆமாம். ஆனால் இந்த ‘பொதுவாக’ என்ற சொல்லுக்குள் நிறைய ஒளிந்திருக்கிறது.

நேர்வழி இதுதான்: ஒரு நாட்டில் வட்டி கூடினால் அங்கே பணத்தைப் போட்டு வைக்க வெளியார் விரும்புவார்கள், அதற்கு முதலில் அந்த நாணயத்தை வாங்க வேண்டும், கிராக்கி கூடும். அமெரிக்க மைய வங்கி 2022 மார்ச்சில் பூஜ்யத்தை ஒட்டியிருந்த வட்டியை ஏற்றத் தொடங்கி, ஆண்டு முடிவதற்குள் 4.25–4.50 சதவீதத்துக்குக் கொண்டுபோனது. ஐரோப்பா ஜூலையில்தான் தொடங்கியது, எரிவாயு விலையும் அதைப் படுத்தியது. அந்த ஜூலையில், 2002-க்குப் பிறகு முதல் முறையாக 1 யூரோ 1 டாலருக்குச் சமமாக இறங்கியது, செப்டம்பரில் 0.96-க்கும் கீழே போனது.

இந்த வழி தவறிப்போகும் இடங்கள் மூன்று.

ஒன்று, பணவீக்கத்தைக் கழித்த பிறகு மிஞ்சுவதே உண்மையான வட்டி. துருக்கியில் 2021 செப்டம்பரில் வட்டி 19 சதவீதம், பணவீக்கமும் ஏறக்குறைய அதே அளவு. அங்கிருந்து மைய வங்கி டிசம்பருக்குள் வட்டியை 14-ஆகக் குறைத்தது, விலைவாசியோ ஏறிக்கொண்டிருந்தது. 14 சதவீதம் என்பது உலகில் மிகக் கவர்ச்சியான எண். ஆனால் லிராவில் பணம் வைத்தவர் வருட முடிவில் நட்டத்தில் இருப்பார் என்பது எல்லோருக்கும் தெரிந்தது. 1 டாலர் எட்டரை லிரா போல இருந்தது டிசம்பர் 20-ல் 18-ஐத் தாண்டியது.

இரண்டு, வட்டி ஏறுவது பயத்தின் அடையாளமாகவும் இருக்கலாம். பிரிட்டனில் 2022 செப்டம்பர் 23-ல், கடன் வாங்கி வரியைக் குறைக்கும் திட்டம் அறிவிக்கப்பட்டது. அரசுக் கடன் பத்திரங்களின் வட்டி எகிறியது, ஆனால் பவுண்டு ஏறவில்லை. 26-ஆம் தேதி ஆசியச் சந்தை நேரத்தில் வரலாறு காணாத அளவுக்கு 1.04 டாலருக்கும் கீழே விழுந்தது. முதலீட்டாளர்கள் கூடுதல் வட்டி கேட்டது ஆசையால் அல்ல, நம்பிக்கை போனதால்.

மூன்று, அவசர ஏற்றம் சில சமயம் எதிர்விளைவு தரும். ரஷ்ய மைய வங்கி 2014 டிசம்பர் 16 அதிகாலையில் வட்டியை 10.5-லிருந்து ஒரேயடியாக 17 ஆக்கியது. ‘நிலைமை இவ்வளவு மோசமா’ என்று சந்தை அதைப் படித்ததால் அன்றைய தினமே ரூபிள் மேலும் சரிந்தது. பிறகுதான் நிதானித்தது.

வட்டியை ஏற்றியதாகச் செய்தி வந்தது, ஆனால் நாணயம் இறங்கியது. ஏன்?

எல்லோரும் எதிர்பார்த்த ஏற்றமாக இருந்திருக்கும். சந்தை செய்திக்காகக் காத்திருப்பதில்லை, முன்கூட்டியே விலையில் ஏற்றிவிடும். அரை சதவீதம் ஏறும் என்று எதிர்பார்த்து எல்லோரும் வாங்கி வைத்திருக்கும்போது கால் சதவீதம் ஏறினால், அது ஏற்றமாக இருந்தும் ஏமாற்றம்தான். அறிவிப்பு நாளில் எண்ணை மட்டும் பார்க்காமல், அதற்கு முந்தைய எதிர்பார்ப்பையும், ‘இனிமேல் என்ன’ என்று மைய வங்கித் தலைவர் சொன்னதையும் சேர்த்துப் பார்த்தால் பெரும்பாலான புதிர்கள் அவிழ்ந்துவிடும்.

பணவீக்கத்துக்கும் மாற்று விகிதத்துக்கும் என்ன தொடர்பு?

ஒரு நாட்டில் விலைகள் வேகமாக ஏறினால் அதன் பணம் உள்ளூரில் வாங்கும் சக்தியை இழக்கிறது. நீண்ட காலத்தில் வெளியிலும் இழக்கும். ஸ்வீடன் பொருளியலாளர் குஸ்தாவ் காசல் முதல் உலகப் போர்க் காலத்தில் இதற்கு ‘வாங்கு சக்திச் சமநிலை’ என்று பெயர் வைத்தார். பத்து இருபது ஆண்டுக் கணக்கில் இது ஓரளவு பொருந்தும். அடுத்த மாத விகிதத்தைச் சொல்ல உதவாது.

இதிலிருந்து கிடைக்கும் உருப்படியான கருவி ‘மெய் மாற்று விகிதம்’. உள்நாட்டுப் பணவீக்கம் 8 சதவீதம், அமெரிக்காவில் 2 சதவீதம் என்று வையுங்கள். தொடக்கத்தில் 1 டாலர் 100. இரண்டு பக்கமும் போட்டித்திறன் மாறாமல் இருக்க வேண்டுமானால் வருட முடிவில் விகிதம் 100 × 1.08 ÷ 1.02 = 105.88 ஆக வேண்டும். ஆனால் 104-ல் நின்றுவிட்டது. செய்தியில் ‘நாணயம் சரிந்தது’ என்று வரும். உண்மையில் உள்நாட்டுச் சரக்கு டாலர் கணக்கில் 108 ÷ 104, அதாவது 3.85 சதவீதம் விலை ஏறியிருக்கிறது. அமெரிக்கச் சரக்கு 2 சதவீதம்தான் ஏறியிருக்கிறது. மெய் மதிப்பில் நாணயம் ஏறக்குறைய 1.8 சதவீதம் வலுத்திருக்கிறது. பெயரளவில் சரிந்து, மெய்யளவில் வலுத்து, ஏற்றுமதியாளர் காரணம் புரியாமல் வாடிக்கையாளரை இழப்பது இப்படித்தான். ‘விகிதம் நிலையாக இருக்கிறது’ என்று ஓர் அரசு பெருமைப்படும்போது அங்கே பணவீக்கம் எவ்வளவு என்று உடனே பாருங்கள்.

இறக்குமதி ஏற்றுமதியைவிட அதிகம் என்றால் நாணயம் விழுந்துதான் ஆக வேண்டுமா?

வேண்டியதில்லை. அமெரிக்காவின் நடப்புக் கணக்கில் (வெளிநாடுகளோடு நடக்கும் வர்த்தகம், வருமானம் ஆகியவற்றின் வரவு செலவுக் கணக்கு) 1992 முதல் ஒவ்வோர் ஆண்டும் பற்றாக்குறைதான். டாலர் இன்னும் உலக நாணயம். பற்றாக்குறையை ஈடுகட்ட வெளியிலிருந்து முதலீடும் கடனும் வந்துகொண்டிருக்கும் வரை விகிதம் தாங்கும். அந்த வரத்து எந்த வகை என்பதுதான் முக்கியம். தொழிற்சாலை கட்ட வந்த பணம் ஒரே இரவில் மூட்டை கட்டாது. மூன்று மாதப் பத்திரத்தில் வந்த பணம் கட்டும்.

உலகில் எங்காவது நெருக்கடி என்றால் டாலரும் யென்னும் ஃபிராங்கும் ஏறுவது ஏன்?

இரண்டு காரணங்கள் கலந்திருக்கின்றன. பயந்த பணம் ஆழமான, எளிதில் விற்கக்கூடிய சந்தையைத் தேடும். அமெரிக்க அரசுப் பத்திரச் சந்தைக்கு அந்த வகையில் இணை இல்லை. மேலும் உலகெங்கும் கடன்கள் டாலரில் இருப்பதால், நெருக்கடியில் கடனை அடைக்க எல்லோரும் ஒரே நேரத்தில் டாலர் தேடுவார்கள். 2020 மார்ச்சில் இந்தத் தட்டுப்பாடு எவ்வளவு கடுமையாக இருந்தது என்றால், அமெரிக்க மைய வங்கி 19-ஆம் தேதி மேலும் ஒன்பது நாட்டு மைய வங்கிகளுக்கு டாலர் மாற்று வசதியை, அதாவது தங்கள் நாணயத்தைக் கொடுத்துத் தற்காலிகமாக டாலர் பெறும் வழியை, திறந்துவிட்டது.

யென் கதை வேறு. ஜப்பானில் பல ஆண்டுகளாக வட்டி பூஜ்யத்தை ஒட்டி இருந்ததால், யென்னில் கடன் வாங்கி அதை விற்று, வட்டி அதிகமுள்ள நாணயத்தில் போடுவது ஒரு பெரிய வியாபாரமாகவே வளர்ந்தது. ஆங்கிலத்தில் ‘கேரி டிரேட்’ என்பார்கள். இது அமைதியான காலத்தில் யென்னைச் சிறிது சிறிதாக அழுத்தும். 2024 ஜூலையில் 1 டாலர் 162 யென்னை நெருங்கியது. ஜூலை 31-ல் ஜப்பான் வங்கி வட்டியை 0.25 சதவீதத்துக்கு ஏற்றியது. எண் சின்னது. ஆனால் கடனை அடைக்க யென் வாங்கியாக வேண்டும், வாங்க வாங்க யென் ஏறும், ஏற ஏற மற்றவர்களின் நட்டம் கூடி அவர்களும் வாங்கியாக வேண்டும். ஆகஸ்ட் 5-ல் டாலர் 142 யென் அளவுக்கு இறங்கியது. அன்று ஜப்பானின் நிக்கேய் பங்குக் குறியீடு 12.4 சதவீதம் விழுந்தது. வட்டி வித்தியாசத்தில் மாதக்கணக்கில் சேர்த்ததை விகித மாற்றம் மூன்று நாளில் வாரிக்கொண்டு போகும் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் இல்லை.

மைய வங்கி ‘தலையிட்டது’ என்றால் என்ன செய்கிறது?

நாணயம் வேகமாக விழும்போது தன் கையிருப்பிலிருந்து டாலரை விற்று உள்நாட்டுப் பணத்தை வாங்குகிறது. 100 கோடி டாலரை 100 என்ற விகிதத்தில் விற்றால், வங்கிகளின் கணக்கிலிருந்து 10,000 கோடி உள்நாட்டுப் பணம் மைய வங்கிக்குள் போய்விடும். அதாவது புழக்கத்திலிருந்து மறையும். வங்கிகளிடம் பணம் குறைவதால் ஒருவருக்கொருவர் கடன் கொடுக்கும் ஓரிரவு வட்டி ஏறும். அது பொருளாதாரத்தை இறுக்கும் என்று கருதினால், மைய வங்கி அதே 10,000 கோடிக்கு அரசுப் பத்திரங்களை வாங்கிப் பணத்தைத் திரும்ப விடும். இப்படி ஈடுசெய்துவிட்டால் வட்டி பழைய நிலைக்கு வரும். ஆனால் நாணயத்தை விற்கத் தூண்டிய காரணமும் பழையபடியே இருக்கும். ஆகவே தலையீடு வேகத்தைக் குறைக்கும், திசையை மாற்றுவது அரிது.

இதில் ஒரு சமமின்மை உண்டு. தன் நாணயம் வலுப்பதைத் தடுக்க ஒரு மைய வங்கி எவ்வளவு வேண்டுமானாலும் தன் பணத்தை உருவாக்கி விற்கலாம். விழுவதைத் தடுக்க வேண்டுமானால் டாலர் வேண்டும், அது தீரக்கூடியது. பிரிட்டன் 1992 செப்டம்பர் 16-ல் பவுண்டைக் காக்கக் காலையில் வட்டியை 10-லிருந்து 12 சதவீதமாக்கி, மதியம் 15 ஆக்குவதாக அறிவித்து, மாலையில், உறுப்பு நாணயங்களை ஒரு வரம்புக்குள் கட்டிவைத்திருந்த ஐரோப்பிய மாற்று விகித அமைப்பிலிருந்தே வெளியேறியது.

தீராத பக்கத்திலும் விலை உண்டு. சுவிஸ் தேசிய வங்கி 2011 செப்டம்பர் 6-ல், 1 யூரோ 1.20 ஃபிராங்குக்குக் கீழே போக விடமாட்டோம் என்று அறிவித்து, ஃபிராங்கை உருவாக்கி யூரோவாக வாங்கிக் குவித்தது. குவியல் தாங்க முடியாத அளவுக்குப் போனபோது, 2015 ஜனவரி 15 காலை, முன்னறிவிப்பு இல்லாமல் கைவிட்டது. சில நிமிடங்களில் 1 யூரோ 1 ஃபிராங்குக்கும் கீழே பாய்ந்தது. 1.19-ல் தானாக விற்றுவிடும்படி ஆணை கொடுத்து வைத்திருந்தவர்களுக்கு 1.19 கிடைக்கவில்லை, நடுவில் வாங்க ஆளே இல்லாததால் அடுத்த விலை எங்கே இருந்ததோ அங்கே விற்றது. நட்டத் தடுப்பு ஆணை விலைக்கு உத்தரவாதம் அல்ல என்பதை அன்று பலர் கற்றார்கள்.

விகிதத்தை நிலையாகக் கட்டிவைத்துவிட்டால் பிரச்சினை தீர்ந்ததா?

சிலருக்குத் தீர்ந்திருக்கிறது. ஹாங்காங் 1983 அக்டோபரிலிருந்து தன் டாலரை 1 அமெரிக்க டாலருக்கு 7.80 என்று கட்டியிருக்கிறது, 2005 முதல் 7.75–7.85 என்ற வரம்புக்குள் விடுகிறது. சவூதி ரியால் 1986 முதல் 3.75. ஆனால் இதற்கு ஒரு விலை கொடுக்க வேண்டும். நிலையான விகிதம், தடையற்ற மூலதன நகர்வு, சொந்த வட்டிக் கொள்கை ஆகிய மூன்றில் இரண்டைத்தான் ஒரு நாடு வைத்துக்கொள்ள முடியும் என்பது 1960-களில் பொருளியலாளர்கள் மண்டெல், ஃபிளெமிங் இருவரின் ஆய்வுகளிலிருந்து வந்த முடிவு. ஹாங்காங் தன் வட்டியை அமெரிக்காவிடம் ஒப்படைத்துவிட்டது.

மூன்றையும் பிடித்துக்கொள்ளப் பார்த்தால் 1997-ல் தாய்லாந்துக்கு நடந்தது நடக்கும். 1 டாலருக்கு ஏறக்குறைய 25 பாட் என்று கட்டியிருந்தார்கள். நிறுவனங்கள் ‘விகிதம் மாறாது’ என்ற நம்பிக்கையில் டாலரில் கடன் வாங்கி உள்நாட்டில் நிலம், கட்டடம் என்று போட்டன. வெளியே அறிவிக்கப்பட்ட கையிருப்பில் பெரும்பகுதி முன்பேர ஒப்பந்தங்களில் (பின்னாளில் கைமாறுவதற்கு இன்றே விலை பேசி முடிப்பவை) ஏற்கெனவே கட்டுண்டிருந்தது. ஜூலை 2-ல் கட்டை அவிழ்த்தார்கள். 1998 ஜனவரியில் 1 டாலர் 50 பாட்டைத் தாண்டியிருந்தது.

சொற்களைப் பிரித்துக்கொள்வது நல்லது: கட்டிவைத்த விகிதத்தை அரசே ஆணையிட்டுக் குறைத்தால் ‘மதிப்பிறக்கம்’. மிதக்கும் நாணயம் சந்தையில் தானாக இறங்கினால் ‘சரிவு’ அல்லது ‘தேய்வு’. முன்னது முடிவு, பின்னது விளைவு.

நாணயம் வலுவிழந்தால் ஏற்றுமதிக்கு நல்லதுதானே?

எவ்வளவு நல்லது என்பது மூலப்பொருள் எங்கிருந்து வருகிறது என்பதில் இருக்கிறது. ஒரு பொருளை 10 டாலருக்கு விற்கிறார் ஒருவர். அதற்கு 6 டாலர் மூலப்பொருள் இறக்குமதி, உள்நாட்டுச் செலவு 300. விகிதம் 100 என்றால் வரவு 1,000, செலவு 900, லாபம் 100. விகிதம் 110 ஆகிறது: வரவு 1,100, இறக்குமதி 660, உள்நாட்டுச் செலவு 300, லாபம் 140. சரி, கூடியிருக்கிறது. ஆனால் வெளிநாட்டு வாடிக்கையாளரும் அதே விகிதத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். 30 சென்ட் குறைக்கச் சொல்லி 9.70-க்கு முடிக்கிறார்: 1,067 − 960 = 107. பத்து சதவீத மாற்றத்தில் கையில் நின்றது 7.

காலமும் குறுக்கே வரும். பழைய விலையில் போட்ட ஒப்பந்தங்கள் முடிய மாதங்கள் ஆகும். அதுவரை இறக்குமதிச் செலவுதான் முதலில் கூடும், வர்த்தகப் பற்றாக்குறை மேலும் மோசமாகிப் பிறகே திரும்பும். படம் வரைந்தால் ஆங்கில ‘ஜே’ எழுத்து போல வருவதால் ‘ஜே வளைவு’ என்கிறார்கள்.

எல்லாவற்றையும்விட ஆபத்தானது வெளிநாட்டு நாணயத்தில் வாங்கிய கடன். 10 லட்சம் டாலர் கடன் 100-ல் 10 கோடி, 125-ல் 12.5 கோடி. வருமானம் உள்நாட்டுப் பணத்தில் மட்டும் வருகிற நிறுவனம் எந்தத் தவறும் செய்யாமலே கால் பங்கு கூடுதல் கடனாளி ஆகிறது. நாணயம் ஆண்டுக்கு மூன்று நான்கு சதவீதம் தளர்ந்தால் தொழில்கள் பழகிக்கொள்ளும். அதே தளர்ச்சி ஒரே வாரத்தில் வந்தால் உடைந்துபோகும். எங்கே நிற்கிறது என்பதைவிட எவ்வளவு வேகமாக வந்தது என்பதே பல சமயம் கூடுதல் கேடு.

ஒரு வருட முன்பேர விகிதம் 102.88 என்கிறார்கள். சந்தை அந்த அளவுக்குச் சரிவை எதிர்பார்க்கிறதா?

இல்லை, அது வட்டிக் கணக்கு. உள்நாட்டு வட்டி 7, டாலர் வட்டி 4, இன்றைய விகிதம் 100. இன்று 100 கடன் வாங்கி 1 டாலராக்கிப் போட்டால் வருட முடிவில் 1.04 டாலர், திருப்பித் தர வேண்டியது 107. 107 ÷ 1.04 = 102.88. முன்பேர விலை 104 என்று யாராவது சொன்னால், 1.04 டாலரை 108.16-க்கு விற்று, எந்த இடரும் இல்லாமல் 1.16 எடுத்துக்கொள்ளலாம். அப்படி எடுக்க எல்லோரும் ஓடுவதாலேயே விலை 102.88-க்கு வந்துவிடும். மூலதனக் கட்டுப்பாடுகள் இருக்கும் நாடுகளில் இந்தக் கணக்கு கொஞ்சம் விலகி நிற்கும்.

இணையத்தில் 100 என்று பார்த்தேன். எனக்கு ஏன் அந்த விலை கிடைப்பதில்லை?

நீங்கள் பார்த்தது நடுவிலை. வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் நடுவே உள்ள எண். அந்த விலையில் உங்களுக்கு யாரும் விற்பதில்லை. நாணய மாற்று நிறுவனம் 101.50-க்கு விற்று 98.50-க்கு வாங்குகிறது என்று வையுங்கள். 1,000 டாலர் வாங்க 1,01,500 கொடுக்கிறீர்கள். பயணம் ரத்தாகி அன்றே திருப்பிக் கொடுத்தால் 98,500 கிடைக்கும். விகிதம் அசையவே இல்லை, 3,000 போயிற்று.

‘கட்டணம் இல்லை’ என்ற அறிவிப்பைக் கண்டால் விகிதத்தைப் பாருங்கள். ஒரு சேவை கட்டணமின்றி 97.80 தருகிறது, இன்னொன்று 6 டாலர் கட்டணம் பிடித்து 99.60 தருகிறது. 100 டாலர் அனுப்பினால் முதலாவதில் 9,780, இரண்டாவதில் 94 × 99.60 = 9,362. முதலாவது மேல். 500 டாலர் அனுப்பினால் 48,900-க்கு எதிராக 494 × 99.60 = 49,202. இரண்டாவது மேல். இரண்டும் சமமாகும் இடம் 332 டாலர். ஆக, கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: எல்லாம் போகக் கடைசியில் கைக்கு எவ்வளவு வரும்?

வெளிநாட்டில் அட்டையைத் தேய்க்கும்போது ‘உங்கள் நாட்டுப் பணத்தில் கட்டவா’ என்று இயந்திரம் கேட்டால், வேண்டாம் என்று சொல்லி அந்த நாட்டுப் பணத்தையே தேர்ந்தெடுங்கள். மற்றதில் விகிதத்தைக் கடைக்காரர் சார்பில் இயங்கும் நிறுவனம் போடும். அது பெரும்பாலும் உங்கள் வங்கி போடுவதைவிட மோசமாகத்தான் இருக்கும்.

எப்போது மாற்றினால் லாபம் என்று கணிக்க முடியுமா?

குறுகிய காலத்துக்கு முடியாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். பொருளியலாளர்கள் ரிச்சர்ட் மீஸ், கென்னத் ரோகாஃப் இருவரும் 1983-ல் வெளியிட்ட ஆய்வில், அன்றைய முக்கியப் பொருளியல் மாதிரிகளை ‘நாளையும் இன்றைய விகிதம்தான்’ என்ற வெறும் அனுமானத்தோடு மோதவிட்டார்கள். ஒரு வருடத்துக்கு உட்பட்ட கணிப்புகளில் மாதிரிகளால் அந்த அனுமானத்தை வெல்ல முடியவில்லை.

செய்யக்கூடியது வேறு. ஆறு மாதத்தில் 6,000 டாலர் கட்ட வேண்டியிருந்தால், மாதம் 1,000 வீதம் வாங்கினால் சராசரி விலை கிடைக்கும். உச்சத்தில் மொத்தமாக மாட்ட மாட்டீர்கள். தொகை பெரிதாக இருந்து, விகிதம் 5 சதவீதம் நகர்ந்தாலே திட்டம் கவிழும் என்றால், வங்கியில் முன்பேர ஒப்பந்தம் போட்டு விலையைப் பூட்டுங்கள். அதன்பின் விகிதம் உங்களுக்குச் சாதகமாகப் போனாலும் பூட்டிய விலைதான். கடனும் வருமானமும் ஒரே நாணயத்தில் இருக்கும்படி அமைத்துக்கொள்ள முடிந்தால் இந்தக் கவலையே பாதி குறையும்.

அவசரம் இல்லையென்றால் சனி, ஞாயிறில் மாற்றாதீர்கள். சந்தை நியூயார்க் நேரப்படி வெள்ளி மாலை 5 மணிக்கு மூடி, நியூசிலாந்தில் திங்கள் காலை விடியும்போது திறக்கிறது. நடுவில் ஏதாவது நடந்து திங்கள் விகிதம் தாவினால் தனக்கு நட்டம் வரும் என்று, சேவை நிறுவனம் அந்த இரண்டு நாளும் வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் உள்ள இடைவெளியை அகலமாக்கி வைத்திருக்கும். பெரும்பாலான ஜோடிகளில் வங்கிகளுக்கு இடையே பணம் கைமாறி முடிய இரண்டு வேலை நாள் ஆகும் என்பதால், குறிப்பிட்ட தேதிக்குள் வெளிநாட்டில் பணம் சேர வேண்டியவர்கள் இரண்டு பக்கத்து விடுமுறை நாட்களையும் கழித்துவிட்டு நாள் எண்ணுங்கள்.